எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்? உங்கள் அளவை நீங்களே கண்டறியும் வழி

ஒரு நாளைக்கு எட்டு டம்ளர் தண்ணீர் குடித்தே தீர வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு, தாகமே எடுக்காத நேரத்திலும் கடிகாரத்தைப் பார்த்துக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். காலையில் ஒரு கோப்பை காபியோடு கிளம்பி, நாள் முழுவதும் வெயிலில் உழைத்துவிட்டு, மாலையில் தலைவலி ஏன் வந்தது என்று புரியாமல் மாத்திரை தேடுபவர்களும் இருக்கிறார்கள். இந்த இரு சாராருக்கும் தெரியாமல் இருப்பது ஒன்றே ஒன்றுதான்: தங்கள் உடலிலிருந்து எவ்வளவு நீர் வெளியேறுகிறது என்பது. செலவு தெரியாமல் வரவைத் திட்டமிட முடியாது. அந்தச் செலவைக் கணக்கிட ஓர் எடை பார்க்கும் கருவியும், அளவு குறித்த ஒரு பாட்டிலும், சிறிது கவனமும் போதும்.

உடலுக்குள் இருக்கும் நீர்

70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடலில் ஏறத்தாழ 42 லிட்டர் நீர் இருக்கிறது. அதாவது எடையில் சுமார் 60 சதவீதம். தசையில் முக்கால் பங்கு நீர். கொழுப்பிலோ அது மிகக் குறைவு. ஆகவே பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் இந்த விகிதம் சற்றுக் குறைந்தும், பிறந்த குழந்தைக்கு முக்கால் பங்கை ஒட்டியும் இருக்கும். 42 லிட்டரில் மூன்றில் இரண்டு பங்கு உயிரணுக்களுக்கு உள்ளேயும், மீதி வெளியேயும் இருக்கிறது. வெளியே இருப்பதில் ரத்தக் குழாய்களுக்குள் பிளாஸ்மாவாக, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியாக, ஓடுவது 3 லிட்டர் அளவுதான். இந்த 3 லிட்டரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வியர்வைக்கான நீர் முதலில் எடுக்கப்படுவது இதிலிருந்துதான்.

ரத்தத்தின் அடர்த்தி ஒன்று அல்லது இரண்டு சதவீதம் கூடினாலே மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி அதை உணர்ந்துவிடுகிறது. உடனே வாசோபிரசின் என்ற ஹார்மோன் சுரந்து, சிறுநீரைச் சுண்டவைக்குமாறு சிறுநீரகங்களுக்குச் சொல்கிறது, தாகமும் எழுகிறது. சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, ஒன்றரை லிட்டர் போக மற்றதையெல்லாம் ரத்தத்துக்கே திருப்பித் தருகின்றன. நாம் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காத நாளிலும், கழிவுகளை வெளியேற்ற அரை லிட்டர் சிறுநீராவது அவற்றுக்குத் தேவை. எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் இழப்பைப் பூஜ்யமாக்க உடலால் இயலாது.

எட்டு டம்ளர் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு அடிக்கடி சுட்டப்படும் ஆவணம் ஒன்று உண்டு. 1945-ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு, ஊட்டச்சத்து வாரியம், பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் நீர் பொருத்தமான அளவு என்று எழுதியது. அதன் பெரும்பகுதி உணவிலேயே கிடைத்துவிடுகிறது என்றும் கூடவே எழுதியிருந்தது. முதல் வாக்கியம் பரவியது, அடுத்தது மறந்துபோயிற்று. இப்போதைய பரிந்துரைகளும் இப்படித்தான் தவறாகப் படிக்கப்படுகின்றன. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் பெண்களுக்கு 2 லிட்டர், ஆண்களுக்கு 2.5 லிட்டர் என்றது. அமெரிக்க மருத்துவக் கழகம் 2004-இல் முறையே 2.7, 3.7 லிட்டர் என்றது. இவையெல்லாம் சோறு, காய், பழம், பால், தேநீர் என எல்லாவற்றிலும் உள்ள நீரையும் சேர்த்த மொத்தக் கணக்கு. பொதுவாக ஐந்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ உணவிலிருந்தே வந்துவிடும். அமைதியாக உட்கார்ந்து வேலை செய்யும் ஆரோக்கியமான ஒருவருக்குத் தாகமும் வழக்கமான சாப்பாடுமே பெரும்பாலும் போதுமானவை என்பது என் உறுதியான கருத்து. கணக்குப் போட வேண்டிய தேவை எழுவது வியர்வை பெருகும்போதுதான்.

நீர் குறையும்போது செயல்திறன் ஏன் குறைகிறது

தசை வேலை செய்யும்போது அது செலவிடும் ஆற்றலில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகவே வெளிப்படுகிறது. அந்த வெப்பத்தைத் தோலுக்குக் கொண்டுவருவது ரத்தம். அங்கிருந்து வெளியேற்றுவது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் உடலைவிட்டுப் போகும். ஆவியானால் என்பதுதான் இங்கே முக்கியம். காற்றில் ஈரப்பதம் மிகுந்திருக்கும் நாளில் முகவாயிலிருந்து சொட்டித் தரையில் விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. நீரும் போய், வெப்பமும் தங்கிவிடும். வெப்பமானியில் அதே எண்ணைக் காட்டும் இரண்டு நாட்களில் புழுக்கமான நாள் ஏன் அவ்வளவு வாட்டுகிறது என்பதற்கு விடை இதுதான்.

வியர்வை தொடரத் தொடர பிளாஸ்மாவின் அளவு சுருங்குகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைவதால், ஒவ்வொரு துடிப்பிலும் அது வெளியே தள்ளும் அளவும் குறைகிறது; அதை ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கிறது. உடல் எடையில் ஒரு சதவீதம் நீராக இழக்கப்பட்டால், அதே வேகத்தில் ஓடுவதற்கு நிமிடத்துக்கு மூன்று முதல் ஐந்து துடிப்புகள் கூடுதலாகத் தேவைப்படும், உள்வெப்பமும் 0.1 முதல் 0.2 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். தசைக்கும் தோலுக்கும் ஒரே நேரத்தில் ரத்தம் தேவைப்படுகிறது, இருப்போ சுருங்கிவிட்டது. முதல் மணி நேரத்தில் எளிதாக இருந்த அதே வேகம் இரண்டாம் மணி நேரத்தில் மலையேறுவதுபோல் கனப்பது இதனால்தான்.

எடையில் 2 சதவீத இழப்பைத் தாண்டும்போது, அதிலும் வெப்பமான சூழலில், நீண்ட நேர உழைப்பும் ஓட்டமும் தளர்கின்றன என்பது விளையாட்டு மருத்துவத்தில் பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல். அந்த அளவுக்குமேல் கவனமும் சிதறுகிறது, மனமும் எரிச்சலடைகிறது. ஆனால் இது தாண்டக் கூடாத கோடு அல்ல. குளிர்ந்த வானிலையில் இதன் பாதிப்பு குறைவு. பளு தூக்குவதுபோன்ற குறுகிய நேர வலிமைச் செயல்களிலும் அப்படியே. நெடுந்தொலைவு ஓட்டங்களில் முன்னணியில் முடிப்பவர்கள் பலர் இதைவிட அதிகமாக இழந்தே முடிக்கிறார்கள். ஆகவே 2 சதவீதத்தை விழிப்படைய வேண்டிய இடமாகக் கருதுங்கள். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

வியர்வைக் கணக்கைப் போடும் முறை

மணிக்கு எவ்வளவு வியர்க்கிறது என்பது ஆளுக்கு ஆள் வியக்கத்தக்க அளவில் மாறுபடும். ஒருவருக்கு அரை லிட்டர் என்றால், அவருடன் அதே வேகத்தில் ஓடுபவருக்கு இரண்டு லிட்டராகவும் இருக்கலாம். அடுத்தவருடைய பாட்டிலைப் பார்த்து நம் பாட்டிலை நிரப்ப முடியாது.

நீங்கள் வழக்கமாகச் செய்யும் பயிற்சியையோ வேலையையோ ஒருமணி நேரத்துக்குக் குறையாமல் செய்யும் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். தொடங்குவதற்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு, முடிந்தவரை குறைந்த ஆடையில் எடை பாருங்கள். கருவி 100 கிராம் வேறுபாட்டையாவது காட்ட வேண்டும். கடினமான, சமமான தரையில் அது இருக்க வேண்டும். குடிக்கும் நீரை அளவு குறித்த பாட்டிலிலிருந்து மட்டும் குடியுங்கள். முடிந்ததும் துண்டால் உடலை நன்றாகத் துடைத்துவிட்டு, நனைந்த உடைகளைக் களைந்து, மறுபடியும் எடை பாருங்கள். நனைந்த பனியனோடு எடை பார்ப்பதுதான் பலரும் செய்யும் பிழை. அந்தப் பனியன் குடித்து வைத்திருக்கும் வியர்வை உங்கள் உடலைவிட்டுப் போய்விட்ட ஒன்று; அதைச் சேர்த்து எடை பார்த்தால் இழப்பு குறைவாகத் தெரியும்.

முன் எடையிலிருந்து பின் எடையைக் கழித்து, இடையில் குடித்த அளவைக் கூட்டி, இடையில் சிறுநீர் கழித்திருந்தால் அந்த அளவைக் கழித்து, வரும் எண்ணை நேரத்தால் வகுத்தால் ஒரு மணி நேர வியர்வை கிடைத்துவிடும். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தொடங்கும்போது 68.4 கிலோ, 75 நிமிடங்கள் கழித்து 67.3 கிலோ, இடையில் குடித்தது அரை லிட்டர். எடை குறைந்தது 1.1 கிலோ, அதனுடன் குடித்த 0.5 லிட்டரைச் சேர்த்தால் மொத்த இழப்பு 1.6 லிட்டர். அதை ஒன்றேகால் மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 1.3 லிட்டர். மூச்சில் போன ஈரமும், எரிந்துபோன சர்க்கரையும் கொழுப்பும் இதில் சிறிது கலந்திருக்கும். நம் தேவைக்கு அந்த நுணுக்கம் அவசியமில்லை.

இனி அதைப் பயன்படுத்துவது எப்படி? இவருடைய எடையில் 2 சதவீதம் என்பது கிட்டத்தட்ட 1.4 கிலோ. இரண்டு மணி நேரம் ஓடினால் 2.6 லிட்டர் போகும். 1.4 கிலோவை விட்டுக்கொடுக்கலாம் என்றால், ஈடுகட்ட வேண்டியது 1.2 லிட்டர், மணிக்கு 600 மில்லிலிட்டர். இழந்த 1.3 லிட்டரையும் மணிக்கு மணி குடித்துத் தீர்க்க வேண்டும் என்று முனைந்தால் வயிறுதான் குலுங்கும். குடலும் இரைப்பையும் ஓடும் வேகத்தில் அவ்வளவு நீரை எளிதில் ஏற்பதில்லை.

நான் முதன்முதலாக இப்படி எடை பார்த்த நாளில், நன்றாகத்தான் தண்ணீர் குடிக்கிறேன் என்ற என் நம்பிக்கை உடைந்தது. தாகமாக இருந்ததாக நினைவே இல்லாத ஓர் ஓட்டத்தில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைந்திருந்தேன். கறுப்புச் சட்டையின் முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடுகள் படிந்திருந்தன. அன்றிலிருந்து வெயில் காலத்துக்கு ஒரு கணக்கும் குளிர் காலத்துக்கு வேறொரு கணக்கும் குறித்து வைத்திருக்கிறேன்.

வெப்பத்துக்குப் பழகப் பழக இந்த எண் மாறும். வெயிலில் தினமும் பயிற்சி செய்தால் 10 முதல் 14 நாட்களுக்குள் பிளாஸ்மா பெருகும், வியர்வை முன்னதாகவே தொடங்கும், அளவும் கூடும், அதில் உப்பு குறையும். ஆகவே பருவம் மாறிய முதல் வாரத்தில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அளந்து பாருங்கள்.

காலையில் மூன்று கேள்விகள்

எடை, சிறுநீர், தாகம் ஆகிய மூன்றையும் காலையில் எழுந்ததும் சேர்த்துப் பாருங்கள். வழக்கமான காலை எடையைவிட ஒரு சதவீதத்துக்குமேல் குறைந்திருக்கிறதா? சிறுநீர் வைக்கோல் நிறத்தில் இல்லாமல் அடர்ந்த மஞ்சளாக, அளவிலும் குறைவாக இருக்கிறதா? தாகமாக இருக்கிறதா? ஒன்று மட்டும் இருந்தால் பொருட்படுத்த வேண்டாம். இரண்டு இருந்தால் நீர் குறைந்திருக்கக்கூடும். மூன்றும் இருந்தால் ஏறக்குறைய உறுதி. ஒன்றை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். பி வைட்டமின் மாத்திரை சாப்பிட்டவருக்குச் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாக வரும், ஒரேயடியாக நிறையத் தண்ணீர் குடித்தவருக்கு உள்ளே குறைவு இருந்தாலும் நிறமற்றுப் போகும்.

உழைப்புக்கு முன்பும் இடையிலும் பின்பும்

நான்கு மணி நேரத்துக்கு முன், எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 5 முதல் 7 மில்லிலிட்டர் நீரை மெல்ல அருந்துவது அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2007-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். 70 கிலோ உள்ளவருக்கு இது 350 முதல் 490 மில்லிலிட்டர். அவ்வளவு முன்னதாகக் குடிக்கச் சொல்வதற்குக் காரணம், மிகுதியானதை வெளியேற்றச் சிறுநீரகத்துக்கு நேரம் தருவதுதான். கிளம்பும் கணத்தில் மொத்தமாகக் குடிப்பதால் பயனில்லை.

ஒரு மணி நேரத்துக்குள் முடியும் மிதமான பயிற்சிக்கு வெறும் தண்ணீரே போதும். பலருக்கு அதுவும் தேவைப்படாது. அதற்குமேல் நீளும் கடும் உழைப்பில், மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்தும் சிறிது உப்பும் கலந்த பானம் உதவும். கால்மணி நேரத்துக்கு ஒருமுறை சில மடக்குகள் என்று பிரித்துக் குடித்தால் வயிறு தாங்கும்.

முடிந்த பிறகு, அடுத்த பயிற்சி மறுநாளோ அதற்குப் பிறகோ என்றால் சாப்பாடும் தண்ணீரும் தாகமும் தாமாகவே சரிசெய்துவிடும். சில மணி நேரத்திலேயே மறுபடியும் உழைக்க வேண்டுமானால், குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர் வீதம், பரபரப்பின்றிப் பரப்பிக் குடிக்க வேண்டும். கூடுதலான அரை லிட்டர் சிறுநீராகப் போகும் பங்கு. உப்புள்ள உணவோடு சேர்த்துக் குடித்தால்தான் அந்த நீர் உடலில் தங்கும்.

அளவு மீறினால்

நீர் குறைவதைவிட, அளவுக்கு மீறிக் குடிப்பதே எனக்குக் கூடுதல் கவலை தருவது, ஏனெனில் இதைச் செய்பவர்கள் நல்லது செய்வதாக நினைத்துச் செய்கிறார்கள். வியர்வையில் லிட்டருக்குச் சுமார் அரை கிராம் முதல் ஒன்றே முக்கால் கிராம் வரை சோடியம் போகிறது. நெடுநேரம் வியர்த்தபடி வெறும் தண்ணீரை மேலும் மேலும் குடித்தால், ரத்தத்தில் எஞ்சிய சோடியம் நீர்த்துப் போகும். கடும் உழைப்பின்போது வாசோபிரசின் சுரந்துகொண்டே இருப்பதால் மிகுதியான நீரைச் சிறுநீரகம் வெளியேற்றவும் தடையாகிறது. சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் நீர் உயிரணுக்களுக்குள் புகுந்து அவற்றை வீங்கவைக்கும். மண்டையோட்டுக்குள் மூளை வீங்க இடமில்லை.

2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதத்தினருக்குச் சோடியம் இந்த அளவுக்குக் கீழே இருந்தது. மூவருக்கு 120-க்கோ அதற்கும் கீழேயோ இறங்கியிருந்தது. அவர்களைப் பிரித்துக் காட்டிய முதன்மையான அடையாளம், ஓட்டத்தின் முடிவில் எடை கூடியிருந்தது. நான்கு மணி நேரத்துக்குமேல் எடுத்துக்கொண்டு நிதானமாக ஓடியவர்களுக்கே ஆபத்து அதிகமாக இருந்தது. மெதுவாகப் போகிறவருக்கு வியர்வை குறைவு, தண்ணீர் வழங்கும் இடங்களில் நின்று குடிக்க நேரமோ அதிகம். ஆகவே விதி எளிது: பயிற்சி முடியும்போது எடை தொடக்கத்தைவிடக் கூடியிருக்கவே கூடாது. தலைவலி, குமட்டல், விரல்களில் மோதிரம் இறுகுதல், குழப்பம் ஆகியவை தோன்றினால், அது நீர்க் குறைவாகத்தான் இருக்கும் என்று எண்ணி மேலும் தண்ணீர் கொடுக்காதீர்கள். மருத்துவ உதவியை நாடுங்கள்.

வயிற்றுப்போக்கின்போது

இங்கே வெறும் தண்ணீர் போதாது. சிறுகுடலின் சுவரில் சர்க்கரையும் சோடியமும் கைகோத்து உள்ளே நுழையும் ஒரு வாயில் இருக்கிறது. அவற்றைப் பின்தொடர்ந்து நீரும் செல்கிறது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசலின் அடிப்படை இதுவே. உலகச் சுகாதார நிறுவனம் 2002-இல் திருத்திய கலவையில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சோடியம் சிட்ரேட் உள்ளன. பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவு நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்துவிடுவது குழந்தைக்கு உண்மையிலேயே ஆபத்து, உப்பு மிகுந்துவிடும். பொட்டலம் கிடைக்காத நிலையில் ஒரு லிட்டர் தூய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்துகொள்ளலாம். ஒவ்வொரு முறை வயிறு போன பிறகும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லிலிட்டர், இரண்டு முதல் பத்து வயதுவரை 100 முதல் 200 மில்லிலிட்டர், பெரியவர்களுக்கு வேண்டிய மட்டும் கொடுக்கலாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஒவ்வொரு தேக்கரண்டியாக மறுபடியும் தொடங்குங்கள். கலக்கிய கரைசலை 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்க வேண்டாம். குழந்தை சோர்ந்து துவண்டாலோ, கண்கள் குழிவிழுந்தாலோ, மணிக்கணக்கில் சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

தனிக் கவனம் வேண்டியவர்கள்

வயது ஏற ஏறத் தாகம் மங்குகிறது, சிறுநீரைச் சுண்டவைக்கும் திறனும் குறைகிறது. இரவில் எழுந்திருக்க நேருமே என்று அஞ்சி மாலையிலேயே தண்ணீரை நிறுத்திவிடும் முதியவர்களை நான் நெருக்கமாகப் பார்த்திருக்கிறேன். "தண்ணீர் குடித்தீர்களா?" என்று கேட்டால் "குடித்தேன்" என்றுதான் பதில் வரும். கேள்வி கேட்பதைவிட, காலையில் நிரப்பிய பாட்டிலை அவர்கள் கைக்கெட்டும் இடத்தில் வைத்து, மதியம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பது பயன் தரும். பகல் பொழுதில் பெரும்பகுதியைக் குடித்துவிட்டால் இரவுத் தொல்லையும் குறையும். முதியவரிடம் திடீரென்று தோன்றும் குழப்பத்தை முதுமை என்று ஒதுக்கிவிடாதீர்கள். நீர்க் குறைவும் காரணமாக இருக்கலாம்.

கர்ப்பிணிகளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 300 மில்லிலிட்டரும், பாலூட்டும் தாய்மார்களுக்கு 700 மில்லிலிட்டரும் கூடுதலாகத் தேவை. சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீராவது வெளியேற வேண்டும் என்பது சிறுநீரக மருத்துவர்களின் அறிவுரை. இங்கே அளப்பது குடிப்பதை அல்ல, வெளியேறுவதை. இதயம் தளர்ந்தவர்களும் சிறுநீரகம் பழுதுபட்டவர்களும் இங்கே சொன்ன எந்த அளவையும் பின்பற்றக் கூடாது. அவர்களுக்கு அளவைக் குறிப்பவர் அவர்களுடைய மருத்துவர் மட்டுமே.

காபியும் தேநீரும் உடலை வற்றவைக்கும் என்ற அச்சம் வேண்டாம். வழக்கமான அளவில் அவையும் நீர்க்கணக்கில் சேரும். மது அப்படியல்ல, அது வாசோபிரசின் சுரப்பதைத் தடுத்து, சிறுநீரைக் கூடுதலாக வெளியேற்றவைக்கும்.

கடும் வெப்பத்தில் ஒருவர் விழுந்துவிட்டால்

உழைத்துக்கொண்டிருந்தவர் தள்ளாடினாலோ, உளறினாலோ, அடையாளம் தெரியாமல் விழித்தாலோ, அது வெப்பத் தாக்குதல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கக்கூடும். உடலெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தாலும்கூட. அவசர உதவியை அழைக்கச் சொல்லிவிட்டு, நிழலுக்குக் கொண்டுபோய், மேலாடைகளைக் களைந்து, குளிர்ந்த நீர்த் தொட்டி இருந்தால் தலையைப் பிடித்தபடி கழுத்துவரை அமிழ்த்துங்கள். இல்லையென்றால் உடல் முழுவதும் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தெளிவாக இல்லாதவரின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். உதவி வந்து சேரும்வரை குளிர்விப்பதை நிறுத்த வேண்டாம்.